டேங்க்கை நிமிர்த்திக் கொடுத்த அண்ணனுக்கு

அப்பா விட்டுப்போன பழைய பைக்கை நகர்த்தும்போது என் கையாலேயே சாய்த்துவிட்டேன். பெட்ரோல் டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. அம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

எல்லோரும் பட்டி போட்டு மூடச் சொன்னார்கள். நானோ கம்பியை வெல்டு வைத்து இழுத்துவிடலாம் என்று டேங்க்கைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனேன் (அறிவாளி!). பட்டறை வாசலில் வேறு வேலையாக நின்றிருந்த நீங்கள்தான் தடுத்தீர்கள். "காலி டேங்க்தான் தம்பி ஆபத்து. பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி உள்ளேயே நிற்கும். ஒரு பொறி போதும்."

அப்புறம் நான் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்தீர்கள். ஒடுக்கை இழுக்கக் கொக்கி ஒட்டும் பசையோடு பழைய பெயிண்ட் உரிந்து வருமோ என்று முதலில் அடிப்பக்கம் ஒட்டிப் பார்த்தீர்கள். பிறகுதான் ஒடுக்கின் ஓரத்தில் கொக்கியை ஒட்டி, நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தீர்கள். புடைத்த விளிம்பை மரச்சுத்தியால் தட்டித் தட்டி அமுக்கினீர்கள். அப்பா காலத்துப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. முழங்கால் படும் இடத்தில் மட்டும் லேசான பள்ளம். "அதையும் எடுக்கப் போனால் தகடு நீண்டுவிடும், விடு" என்றீர்கள்.

பணம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா, அந்த வண்டியிலேயே வந்து பார்க்கிறேன்.