புகை மிஷின் வாங்கும் முன்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பேரூராட்சித் தலைவி ஆகிவிட்டவளுக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்தது தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். டார்ச் அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயர் வைக்க உன்னைத்தான் கூப்பிடப் போகிறாளாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "டெங்குவுக்கு ரெண்டு கொசுப் புகை மிஷின் வாங்கத் தீர்மானம் போடப் போறேன், ஐப்பசிக்கு முன்னால ஊரெல்லாம் அடிச்சிரலாம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ஏட்டி, அந்தத் தீர்மானத்தை ஒரு கூட்டம் தள்ளிப் போடு. மிஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியது. அதற்கு முன்னால் உன் தண்ணீர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம் தண்ணீர் போகிறது என்று நோட்டில் எழுதி வாங்கு. டெங்கு அந்த நோட்டில்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். உங்கள் ஊரில் கூட்டுக் குடிநீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்கிறாய். எட்டு நாளைக்கும் சேர்த்துத்தான் ஜனங்கள் பிடித்து வைப்பார்கள். டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம், அண்டா, பழைய பெயிண்ட் வாளி என்று எதையும் விடமாட்டார்கள். அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயத்தில் பழைய தண்ணீரைக் கொட்டவும் மாட்டார்கள், மேலேயே ஊற்றிக்கொள்வார்கள். கொசுவுக்கு வேண்டிய நாளை நாமே அளந்து கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. "வாரம் ஒரு நாள் தொட்டியைக் காய வையுங்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால், தண்ணீர் இல்லாத வீட்டுக்காரி எப்படிக் காய வைப்பாள்? அவள்மேல் கோபப்பட நமக்கு நியாயம் இல்லை.

எட்டு நாளைக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் விடுவதை, நாலு நாளைக்கு ஒரு முறை ஒரு மணி நேரமாக மாற்ற முடியுமா என்று கேள். மொத்தத் தண்ணீர் அதேதான். ஆபரேட்டர் முடியாது என்பார், அவர் சொல்வதிலும் உண்மை இருக்கும். ஒவ்வொரு முறை வால்வைத் திறக்கும்போதும் குழாய் நிரம்பிக் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் அதுவே பாதியைத் தின்றுவிட்டால் வால் பகுதிக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் டேங்குக்குப் பக்கத்துத் தெருக்களின் வால்வைப் பாதி மூடி, கடைசித் தெருவுக்கு முதலில் விடச் சொல். குழி தோண்டிப் பள்ளத்தில் குழாய் வைத்திருக்கும் வீடுகளையும் பார்க்கச் சொல். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் உறிஞ்சல் ஏற்பட்டு அந்தக் குழியின் அழுக்கெல்லாம் உள்ளே போகும். வயிற்றுப்போக்கு அந்த வழியிலும் வரும். ஊர் முழுக்க ஒரே நாளில் மாற்ற வேண்டாம். காய்ச்சல் அதிகம் வரும் இரண்டு வார்டில் தொடங்கு.

இப்போது புகையைப் பற்றி. மருந்துத் துளி உடம்பில் பட்டால்தான் கொசு சாகும். சாக்கடைக் கொசு ராத்திரி கடிக்கும். ஏடிஸ் பகலில் கடிக்கும், மற்ற நேரம் வீட்டுக்குள் கொடியில் தொங்கும் சேலை மடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் மிஷின் சத்தம் கேட்டதும் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? கதவையும் ஜன்னலையும் சாத்துகிறார்கள். புகை தெருவோடு போய்விடுகிறது. தொட்டிக்குள் இருக்கும் புழுவுக்குப் புகை வந்ததே தெரியாது, மறுநாள் காலையில் புதுக்கொசு பறக்கும். காய்ச்சல் உறுதியான வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே அடிக்க வேண்டும். அதற்கு 2 சதவீதப் பைரெத்ரம் என்ற கொசு மருந்து ஒரு பங்கு, மண்ணெண்ணெய் 19 பங்கு, ஒரு கைத்தெளிப்பான் போதும். பாத்திரங்களை மூடி, அடுப்பை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அடிக்க வேண்டும்.

ஆள் கணக்கில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். சுமார் 5,000 வீடு என்று எழுதியிருக்கிறாய். வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் டிபிசி பணியாளர் ஒருவர் ஒழுங்காகப் பார்த்தால் நாளைக்கு 50 வீடு, வாரத்துக்கு 300. அப்படியானால் வாரத்துக்கு ஒரு சுற்று முடிக்க 17 பேர் வேண்டும். உன்னிடம் இருப்பது 10 பேர். சுற்று முடிய 10 வேலைநாள், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் 11 அல்லது 12 நாள் ஆகிவிடும். கொசு அதற்கு முன்பே பறந்துவிடும். மிஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஆவணியிலிருந்து மார்கழி வரை ஏழு பேரைக் கூடுதலாகப் போட முடியுமா என்று செயல் அலுவலரிடம் கேட்டுப் பார். முடியாவிட்டால் எல்லா வார்டையும் அரைகுறையாகப் பார்க்காமல், தொட்டி அதிகம் உள்ள 3,000 வீட்டை வாரம் தவறாமல் பார்க்கச் சொல். மற்ற வீடுகளுக்குப் பத்து நாளைக்கு ஒரு முறை மைக்கும் பள்ளிப் பிள்ளைகளும் போகட்டும்.

ஒரு நாள் நீயே அவர்களோடு போ. தொட்டியின் அருகே போனதும் கையை விடாதே, நிழலும் விழக்கூடாது. நிழல் பட்டாலே புழு சர்ரென்று அடிக்குப் போய்விடும், ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். காற்புள்ளி மாதிரி வளைந்து உருண்டு போவது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது, புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினாலும் சாகாது. இரண்டு நாளில் பறந்துவிடும். அதைப் பார்த்தால் மருந்தோடு விடாமல் தண்ணீரைத் துணியில் வடிகட்டியோ கொட்டியோ ஆக வேண்டும்.

அபேட் 50 சதவீத மருந்து என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 20 மி.லி. கலக்க வேண்டும். அந்தக் கலவையில் அரை லிட்டர், 500 லிட்டர் தொட்டிக்குச் சரியாக இருக்கும். அப்போது 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வரும், அதைத் தாண்டக்கூடாது. கண் மதிப்பில் ஊற்ற விடாதே, அளவுக் குவளை வாங்கிக் கொடு. தொட்டித் தண்ணீரை எடுத்து எடுத்துப் புதிதாக நிரப்புவதால் மருந்து நீர்த்துப் போகும், ஆகவே வாராவாரம் ஊற்ற வேண்டும். குடிக்கும் குடத்தில் ஊற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், வெள்ளைத் துணியால் வாய் கட்டினால் போதும்.

அடுத்தது தேய்ப்பது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஈரச் சுவரில் கறுப்புப் பொடி மாதிரி ஒட்டும். கொட்டிக் காய வைத்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அந்த வளையத்தைத் தேய்க்கச் சொல். வீட்டுக்காரர்களுக்கு இதை விரலால் தொட்டுக் காட்டினால்தான் புரியும், நோட்டீசில் புரியாது. தொட்டியோடு நிற்காமல் கொல்லையில் கிடக்கும் ஆட்டுரல், கொட்டாங்குச்சி, டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கட்டட வேலையில் தளத்தில் தேக்கிய தண்ணீர், பூட்டிக் கிடக்கும் வீடு எல்லாம் பட்டியலில் வரட்டும். கட்டட உரிமையாளர் கேட்கவில்லை என்றால் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம், தயங்காதே.

செல்வி, இனி சொல்வதை நீ கட்டாயம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். 100 வீடு பார்த்து 8 வீட்டில் புழு என்றால் வீட்டுக் குறியீடு 8. புழு உள்ள பாத்திரங்களை 100 வீட்டுக்கு எத்தனை என்று எண்ணினால் அது பிரட்டோ குறியீடு. ஒரே வீட்டில் நாலு தொட்டியில் புழு இருந்தால் முதல் கணக்கில் ஒன்று, இரண்டாவதில் நாலு. இரண்டையும் கேட்டு வாங்கு. அதிகம் வந்தால் திட்டு விழும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரமே எல்லா வார்டிலும் பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்த வார்டில்தான் மறுநாள் வேறு ஆளை விட்டு பத்து வீட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். 12 என்று எழுதியவரைப் பாராட்டு. அவர்தான் உன் ஊரைக் காப்பாற்றுகிறார்.

குளோரின் பற்றியும் கேட்டிருந்தாய். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு லட்சம் லிட்டர் டேங்குக்கு 400 கிராம். அப்படியே மேலே தூவக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். இந்தக் கணக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. வாய் திறந்த மூட்டை மழைக்காலத்தில் ஒரு மாதம் கிடந்தால் சத்து வெகுவாகக் குறைந்துவிடும், கட்டி தட்டும், மூக்கில் நெடி ஏறாது. அதில் 400 கிராம் போட்டாலும் போடாத மாதிரிதான். டேங்கடியில் சோதித்த கணக்கு உனக்கு உதவாது, கடைசித் தெருக் கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம் இருக்க வேண்டும். குளோரினைச் சோதிக்கும் குளோரோஸ்கோப் கருவியின் குழாயில் மருந்து விட்டதும் பத்து விநாடிக்குள் வரும் மஞ்சளைப் பார், நேரம் கழித்து ஏறும் நிறத்தை நம்பாதே. குளோரின் போட்ட தண்ணீரில் கொசுப்புழு வராது என்று யாராவது சொன்னால், வரும் என்று சொல். குடத்தில் ஒரு நாள் நின்றாலே குளோரின் போய்விடும்.

காய்ச்சலுக்கு ஒரு நோட்டுப் போடு. ஊரில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்துக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றிலும் அன்றாடம் எத்தனை பேர் காய்ச்சலென்று வந்தார்கள், எந்தத் தெரு என்று மட்டும் வாங்கு. டெங்கு நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்குப் பரப்ப 8 முதல் 12 நாள் ஆகும். முதல் நோயாளியைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து உனக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் அவ்வளவுதான். நோயாளி முதல் ஐந்து நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். மருந்துக் கடைக்காரர்களிடம் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேள். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலியும் விடாத வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதென்று வீட்டில் நிம்மதியாகும் அந்த இரண்டு நாளில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ரொம்ப எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? படி ஏறி டேங்கைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதே, ஆளை அனுப்பு. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை டார்ச் அக்காவும் நானும் அங்கே வருகிறோம். அதற்குள் ஆபரேட்டரின் நோட்டையும், உங்கள் வாய்க்கால் தெரு 100 வீட்டுக் கணக்கையும் எடுத்து வை. மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மரகதம்