மாமா, சனிக்கிழமை பூவைத் தூக்க வேண்டும்

அன்புள்ள மாமாவுக்கு,

நேரில் சொன்னால் பாதியிலேயே "சரி மாப்ளே, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளத்துக்கு அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அதனால் கடிதமாகவே எழுதிவிட்டேன், பேத்தி வாசித்துக் காட்டுவாள். உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்களும் படிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி போடுகிறேன். உங்களைப் பற்றி நல்லதுதான் எழுதியிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை இரண்டடித் தொட்டியை எடுத்துவிட்டு நான்கடித் தொட்டி வைக்கிறேன். கண்ணாடியைத் தூக்க ஆள் இருக்கிறது, கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வருகிறார்கள். ஆனால் பூவை, அதாவது பூப்போல விரியும் கடல் விலங்கான கடற்சாமந்தியை, நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

தொட்டியை முதன்முதலில் பார்த்த தீபாவளி நினைவிருக்கிறதா? ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "கடல் அங்க கெடக்கு மாப்ளே. வாளியில மொண்டு ஊத்தாம உப்பைக் காசு குடுத்து வாங்கிக் கரைக்கிறீங்க" என்றீர்கள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்று பதில் வரவில்லை. அந்தத் தண்ணீரை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே மூட்டை இறக்கியவர் நீங்கள். தே தாரேக், அதாவது பால் தேநீர் நிறத்தில் கிடக்கும். பிறை ஆறும் மூடா ஆறும் மண்ணையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. மழை பெய்தால் உப்பு இறங்கும், வெயில் அடித்தால் ஏறும். நம் கரையோரத்து நண்டுக்கும் மட்டிக்கும் அது பழகிப்போன ஒன்று. பவளப்பாறையில் வாழும் உயிருக்கு ஆயிரம் பங்கு தண்ணீரில் 35 பங்கு உப்பு வேண்டும், அது இன்றைக்கு இருப்பதுபோல் நாளைக்கும் இருக்க வேண்டும். வெளிச்சம் அடிவரை இறங்கும் தெளிவும் வேண்டும். பாயார் தீவுக்குப் படகில் போனபோது பார்த்தோமே, அந்த மாதிரி. ஆனால் அது கடல் பூங்கா, அங்கிருந்து எதையும் அள்ளி வர முடியாது. ஆகவே பெட்டி உப்புதான். லிட்டருக்கு 36 கிராம் அளவில், சுத்திகரித்த தண்ணீரில் கரைக்கிறேன். சமையல் உப்பு ஏன் ஆகாது என்றும் கேட்டீர்கள். அதில் இருப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும்தான். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கூடினால்தான் கடல்.

இவ்வளவு பேசுகிற நானே அந்த உப்பில்தான் முதலில் கோட்டை விட்டேன். நம் ஊரில் வீட்டுக்குள் வைத்த தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. இந்த உயிர்களுக்கு 25, 26 இருந்தால் நல்லது. அப்போது சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், வாங்க வசதியில்லை. மேசை விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது, கூடவே தினம் இரண்டு லிட்டர் ஆவியாகவும் போனது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் 35 இருக்க வேண்டிய இடத்தில் 42. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. நான் தண்ணீர்ச் சோதனைப் புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கோப்பியை உறிஞ்சியபடி சொன்னீர்கள்: "தண்ணி பறக்கும், உப்பு எங்க பறக்கும்? உப்பளத்துல என்ன நடக்குதோ அதான இது?" அன்றிலிருந்து ஆவியாகிற அளவுக்கு வெறும் நன்னீர்தான். இப்போது அதையும் மிதவை வைத்த சின்ன பம்பு பார்த்துக்கொள்கிறது. சில்லரும் வந்துவிட்டது, மின்சாரக் கட்டணத்தைப் பற்றி மட்டும் உங்கள் மகளிடம் கேட்காதீர்கள்.

முதல் பூவின் கதையை நான் உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கடையில் வெள்ளை வெளேரென்று ஒன்று இருந்தது. "இந்த நிறம் அபூர்வம், திரும்பக் கிடைக்காது" என்றார் கடைக்காரர். நானும் வாயைப் பிளந்து வாங்கிவந்தேன். வெள்ளை அதற்கு நிறமே இல்லை, மாமா. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கி உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுப்பது அந்தப் பாசிதான். தவிட்டு நிறம் அதனுடையது. சூடோ, பயணமோ, இருட்டோ தாங்காமல் பாசி வெளியேறிவிட்டால் பூ வெளுத்துப்போகும். நான் வாங்கியது பட்டினி கிடக்கும் நோயாளி. மூன்றாவது வாரம் கரைந்துபோனது. அன்று நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்ன, கருவாடு வறுக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மன்னியுங்கள். மறுநாள் அமோனியா ஏறி இரண்டு மீனும் போயின. அழுகும் பூ ஒன்று போதும், சின்னத் தொட்டியின் தண்ணீர் முழுதையும் கெடுத்துவிடும். அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறைகளில் குடியேறவே வாரக்கணக்கில் ஆகும். தொட்டி நிதானத்துக்கு வர ஆறு மாதமாவது வேண்டும். அதற்கு முன் பூ வாங்குவது, ஈரச் சுவருக்குச் சாயம் அடிப்பதுபோல.

இப்போதைய பூ எட்டாவது மாதம் வந்தது. தவிட்டு நிறம், விரல்களின் நுனியில் இளஞ்சிவப்புக் குமிழ்கள். அறிவியல் பெயர் என்டக்மேயா குவாட்ரிகலர். கோமாளி மீன் ஜோடி மூன்று மாதம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தண்ணீர் வரும் குழாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அப்புறம் ஒருநாள் பூவுக்குள் குடிபோனது, இன்றுவரை வெளியே வரவில்லை. இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன, பெரிய மீன் பெண்ணாக மாறுகிறது, அது செத்தால் அடுத்ததாகப் பெரியது பெண்ணாகிறது என்று நான் சொன்னபோது, "வீட்டுல பெரியவ யாருன்னு மீனுக்கே தெரியுது" என்று அத்தை உங்களைப் பார்த்தார். நீங்கள் டிவி பார்த்தீர்கள்.

அப்புறம் அந்தத் தைப்பூச இரவு. தண்ணீர்மலை ஏறி இறங்கிய அசதியில் வீடே தூங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்குத்தான் தூக்கம் வராதே. இரண்டரை மணிக்கு வந்து தோளைத் தட்டினீர்கள்: "மாப்ளே, உங்க பூ நடக்குது." கனவு கண்டீர்களோ என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்தால், பாறை இடுக்கில் மாதக்கணக்காக அசையாமல் இருந்தது காலைப் பெயர்த்துக்கொண்டு கண்ணாடியில் ஏறி, அலை எழுப்பும் பம்பிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நின்றது. பம்பு ஓடவில்லை. என்னை எழுப்புவதற்கு முன்பே சுவிட்சை அணைத்துவிட்டு வந்திருந்தீர்கள். உள்ளே போயிருந்தால் அரைத்த சட்னிதான், காலையில் தொட்டியில் எதுவும் மிஞ்சியிருக்காது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "சுத்துற சாமான் பக்கத்துல எதுவும் போகக் கூடாது, துறைமுகத்துல அதான முதல் பாடம்" என்றீர்கள். மறுநாளே பம்புக்கு நுரைப்பஞ்சு உறை போட்டேன்.

அது ஏன் நடந்தது என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. குற்றம் என்னுடையது. அந்த வாரம்தான் புது எல்.ஈ.டி. விளக்கு மாட்டி, ஆசையில் முழு வெளிச்சத்தையும் வைத்திருந்தேன். கூசியது, கிளம்பிவிட்டது. இருக்கும் இடம் பிடித்திருந்தால் அது நகராது. இந்த முறை விளக்கின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்போகிறேன்.

பெரிய தொட்டி எதற்கு என்றால், போன மாதம் பூ இரண்டாகப் பிரிந்துவிட்டதே, அதற்குத்தான். பிரிந்தது போகட்டும், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியக்கூடியது. போகிற வழியில் பூ பவளத்தைத் தொட்டால் பவளத்தைச் சுட்டுவிடும். புதுத் தொட்டியில் பாறைகளை இரண்டு தீவாக அடுக்குகிறேன். ஒரு தீவு பூக்களுக்கு, இன்னொன்று பவளத்துக்கு, நடுவில் வெறும் மணல். 120க்கு 50க்கு 45 சென்டிமீட்டர், அதாவது 270 லிட்டர். பாறை, கண்ணாடி, அடித்தொட்டி எல்லாம் சேர்த்தால் ஆறேழு பேர் ஒரே இடத்தில் நகராமல் நிற்கிற பாரம். ஏழாவது மாடி என்பதால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன், உத்தரத்தின் மேல் சுவரோரமாக வைக்கச் சொன்னார்.

இவை எவ்வளவு காலம் வாழும் என்று பேத்தி கேட்டாள். ஸ்காட்லாந்தில் டாலியெல் என்பவர் 1828இல் கடற்கரையிலிருந்து ஒரு கடற்சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851இல் அவர் இறந்துபோனார். பூ சாகவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், எடின்பரோவில் 1887 வரை இருந்தது. எல்லாரும் அதைப் 'பாட்டி' என்றே கூப்பிட்டார்கள். சில்லர் இல்லை, பம்பு இல்லை, மின்சாரமே இல்லை. யாரோ ஒருவர் விடாமல் தண்ணீர் மாற்றியிருக்கிறார்.

இன்னொன்று, நீங்கள் நல்ல மனசோடு நீட்டிய வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா. பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும், அதற்காக இரவில் சொட்டுச் சொட்டாக நான் விடுவது சுண்ணாம்புத் தெளிநீர்தான். பொருள் ஒன்றே, நீங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. டப்பா உங்களிடமே இருக்கட்டும்.

சனிக்கிழமை வேலை இப்படி. புது உப்புத்தண்ணீரை வெள்ளி இரவே கலந்து, ஓடவிட்டு, உப்பும் சூடும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவேன். பழைய தண்ணீரில் பாதியைப் பீப்பாயில் எடுத்து அதில் பாறைகளைப் போடுவோம். பழைய மணலைத் தொடப்போவதில்லை, அடியில் மூன்று வருஷத்து அழுக்கு இருக்கிறது, கிளறினால் வம்பு. மீன்கள் கடைசியில். பூக்கள் இரண்டும் ஒரே பாறையில்தான் கால் ஊன்றியிருக்கின்றன. அதைப் பிய்க்கக் கூடாது, கால் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். தண்ணீருக்குள்ளேயே பாறைக்கு அடியில் அந்த நீலப் பிளாஸ்டிக் தாம்பாளத்தைக் கொடுத்து, பாறையோடு மொத்தமாகத் தூக்கவேண்டும். எனக்குக் கை நடுங்கும். பையன்களுக்கு அவசரம். சாய்க்காமல், இடிக்காமல், ஒரே வேகத்தில் தூக்கி இறக்குகிற கை உங்களுடையது. கூசிச் சுருங்கி, அழுகின தக்காளி மாதிரி ஆகிவிடும், பதற வேண்டாம். வாய் மூடியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: அன்று காலை மட்டும் கையில் கோடாலித் தைலம் தடவாதீர்கள். சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். முட்டிக்கு வேண்டுமானால் அத்தை தடவிவிடட்டும், உங்கள் கையில் பட வேண்டாம்.

காலை ஏழு மணி ஃபெர்ரியில் வந்தால் சரியாக இருக்கும், நான் படகுத்துறைக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன். பசியாற ரொட்டி சானாய் வாங்கிவைக்கிறேன். மாற்றுத்துணி எடுத்துவாருங்கள், அன்று இரவு இங்கேதான் தங்கவேண்டும். புது இடத்தில் முதல் இரவுதான் பூ நடக்கும். நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டு வைக்கிறேன், பம்பு சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை
குளுகோர், பினாங்கு