பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும்: ஆடியோ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பாடல்களை வெளியிடும் ஆடியோ நிறுவனத்தாருக்கும் பாட்டுச் செயலிகளை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடம் எனக்குப் பிடித்த ஆல்பங்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பள்ளிக்கூட நாளில் தொடங்கிய பழக்கம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரிப்பேன்: படம், இசை, வரிகள், குரல், வாத்தியம். 2022க்கான பக்கத்தை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன். நல்ல வருடம், மனசு நிறைந்துதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிக் கட்டம் பாதிக்கு மேல் காலி. நிரம்பிய கொஞ்சமும் பென்சிலில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். முதல் இடம் யோசிக்காமல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு. ஆறு பாட்டு, நான்கு பாடலாசிரியர்கள். 'பொன்னி நதி', 'சோழா சோழா', 'தேவராளன் ஆட்டம்' மூன்றும் இளங்கோ கிருஷ்ணன், 'ராட்சஸ மாமனே' கபிலன், 'சொல்' கிருத்திகா நெல்சன், 'அலைகடல்' சிவா ஆனந்த். சேர்த்துக் கேட்டால் ஒரே ஊரின் நான்கு தெருவில் நடந்துவந்த மாதிரி இருக்கிறது. அந்தரா நந்தி பாடிய 'அலைகடல்' பாட்டை ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேட்க வேண்டும், பகலுக்கான பாட்டு இல்லை அது.

'பொன்னி நதி'யில் ரஹ்மான், ரைஹானா இருவரோடும் இன்னொரு குரல் வரும். அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். பம்பா பாக்யா. படம் செப்டம்பர் 30 அன்று வந்தது. அதற்கு நான்கு வாரம் முன்னால், அந்த மாதத் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். செய்தி பார்த்துவிட்டு அக்கா போன் செய்தாள். "யாருடி இது, பேரே கேள்விப்பட்டதில்லையே" என்றாள். 'புள்ளினங்காள்' என்றேன். 'சிம்டாங்காரன்' என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலு வருஷமா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், பேரு தெரியாமப் போச்சே" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பெயர் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கும்பகோணத்தில் இருந்தபோது புது கேசட் வீட்டுக்கு வந்தால் டேப்பில் போடுவதற்கு முன் டப்பாவிலிருந்து அட்டையை உருவுவாள். மடிப்பு மடிப்பாக விரியும் அந்த அட்டையில் பாட்டு, பாடியவர், எழுதியவர் என்று எறும்பு எழுத்தில் இருக்கும். ரஹ்மான் கேசட் என்றால் அட்டை இன்னும் நீளம். புல்லாங்குழல் நவீன், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ். இவர்களையெல்லாம் நாங்கள் எங்கே பார்த்தோம்? அட்டையில் பார்த்ததுதான். பின்னாளில் இந்தப் பெயர்களை எங்கே கேட்டாலும் யாரும் எனக்கு அவர்கள் யாரென்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது இடம் 'வெந்து தணிந்தது காடு'. எல்லாப் பாட்டும் தாமரை. 'மல்லிப்பூ'வை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போன புருஷனுக்கு ஊரிலிருக்கும் பெண்டாட்டி போனில் பாடுவது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் இந்தப் பாட்டை ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். பாடியவர் மதுஸ்ரீ. 2005இல் 'மயிலிறகே' பாடிய அதே மதுஸ்ரீ. இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் "அப்படியா!" என்கிறார்கள். பதினேழு வருட இடைவெளியில் இரண்டு பாட்டையும் இணைக்கும் நூல் ஒரு பெயர்தான். அது கண்ணில் பட்டால்தானே பிடித்துக்கொண்டு போக முடியும்?

அடுத்து 'திருச்சிற்றம்பலம்'. அனிருத் இசையில் சந்தோஷ் நாராயணன் 'தேன்மொழி' பாடியிருக்கிறார். ஒரு இசையமைப்பாளர் இன்னொருவருக்காக மைக் முன்னால் வந்து நின்றிருக்கிறார், இது எவ்வளவு அழகான செய்தி! பிறகு 'நட்சத்திரம் நகர்கிறது', தென்மா. 'சீதா ராமம்', விஷால் சந்திரசேகர். இரண்டுக்கும் தனித்தனியாக எழுத ஆசைதான், இன்னொரு நாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பயன்படுத்தும் செயலியில் ஒரு பாட்டைப் போட்டால் மூன்று நான்கு பெயர் ஒரே வரியில் வருகிறது. யார் பாடினார், யார் எழுதினார், யார் இசை என்று பிரித்துத் தெரிவதில்லை. வாசித்தவர் பெயர் அறவே இல்லை. எல்லாமே ஆங்கில எழுத்தில். யூடியூபில் காணொளிக்குக் கீழே போட்டிருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான், சில பாட்டுகளுக்கு நீளமான பட்டியலே இருக்கிறது, கோரஸ் முதல் மிக்சிங் செய்தவர் வரை. அதற்கு நன்றி. அப்படியென்றால் பெயர்கள் உங்கள் கையில் இருக்கின்றன என்றுதானே பொருள்? அதையே செயலிக்கும் ஏன் அனுப்பக் கூடாது? இதைக் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை.

பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒலிப்பதிவு எதை வெளியிட்டாலும் பதிவு செய்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது உங்கள் பெயர் கட்டாயம். அந்தப் பட்டியலில் பாடியவரும் வாசித்தவரும் வரவில்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தன் பெயரால் அறியப்படும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. அந்த உரிமையை ஒவ்வொரு தபேலாக்காரரும் வந்து கேட்டு வாங்கட்டும் என்று விட்டுவிடுவது முறையா?

இந்த பிப்ரவரியில் லதா மங்கேஷ்கர் மறைந்தார். 1949இல் 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டு வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை, காமினி என்று கதாபாத்திரத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவரே கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'எஞ்சாய் எஞ்சாமி' மேடையேறிய பிறகு, அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எது என்று ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் விளக்கம் எழுத நேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஒரு வாரம் முழுக்க ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைப் பார்த்து வருத்தப்பட்டவள் நான். பாட்டோடு சேர்ந்தே பங்குகள் தெளிவாக வந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக எழுதியவர், பாடியவர், கோரஸ், வாத்தியம் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர். தமிழ் எழுத்தில். பாட்டு வெளியாகும் அன்றைக்கே. பழைய ஆல்பங்களுக்கும் செய்ய வேண்டும், அதுதான் அவசரம். எழுபது, எண்பதுகளில் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. சென்னையில் திரை இசைக் கலைஞர்களுக்கு எம்.பி. ஸ்ரீனிவாசன் முன்னின்று அமைத்த சங்கம் இருக்கிறது. பழைய பாடல்களைப் போட்டுக் காட்டி, இது யார் கை என்று அங்கே கேளுங்கள். முதல் நான்கு ஸ்வரத்திலேயே சொல்லிவிடக்கூடியவர்கள் அவர்கள்.

தமிழ் எழுத்தில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நேற்று யூடியூபிலிருந்து பெயர்களை நோட்டில் எழுதும்போது ஒவ்வொன்றிலும் கை நின்றது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. தமிழில் அது லகரமா ளகரமா, ரகரமா றகரமா? ஒருவர் பெயரைத் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கட்டங்களைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். நீங்கள் சரியான எழுத்தைச் சொன்னால் பேனாவில் எழுதிக்கொள்கிறேன். காலிக் கட்டங்களிலும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்தில் கேசட் அட்டை வாசித்து வளர்ந்த ஒரு ரசிகை
டிசம்பர் 2022