பழைய போர்ஷே பாக்ஸ்டர் கார் வச்சிருக்கறவங்க கவனத்துக்கு

மக்களே, கம்பெனி சர்வீஸ் சென்டரா வெளி கராஜான்னு குழுவுல ஒரே சண்டை, அதான் மொத்தமா ஒரு தடவை போட்டுடறேன். முதல் தலைமுறை பாக்ஸ்டரான 986 மாடல் 2004-லயே நிறுத்தியாச்சு, வாரன்டியும் எப்பவோ முடிஞ்சுது, போர்ஷே வேலை பழகின தனி மெக்கானிக் போதும்.

ஆனா கராஜ்ல முதல்ல ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்டை தாங்கற பேரிங்) மாத்தியிருக்கீங்களான்னு கேளுங்க, முழிச்சா அடுத்த கடைக்கு போயிடுங்க. அந்த பேரிங் உடைஞ்சா இன்ஜினே காலி, அதை மாத்த கியர்பாக்ஸை இறக்கணும், கிளட்ச் மாத்தவும் அதே கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், ரெண்டையும் ஒண்ணா பண்ணிட்டா இறக்கி ஏத்தற கூலி ஒரு தடவையோட போச்சு, கூடவே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாத்த சொல்லிடுங்க. பார்ட்ஸ் போர்ஷே டப்பாவுலதான் வரணும்னு இல்ல, கிளட்ச் சாக்ஸ் கம்பெனியோடது, ஃபில்டர் மாலே கம்பெனியோடது போட்டா தாராளம்.

ஆயில் வருஷம் ஒரு தடவை, வண்டி ஓடலேன்னாலும். கழட்டின ஃபில்டரை தூக்கி போட விடாதீங்க, மடிப்பை பிரிச்சு பாத்தா உலோகத்தூள் மின்னுதான்னு தெரியும், மின்னுச்சுன்னா அப்புறம் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

மழைக்கு முன்னாடி மடிக்கற கூரை ஓரத்துல தண்ணி இறங்கற ஓட்டைய நீங்களே சுத்தம் பண்ணுங்க, காசே ஆகாது. அடைச்சுக்கிட்டா தண்ணி சீட்டுக்கு அடில இருக்கற இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்கற கருவி) பெட்டிக்குள்ள போயிடும், அப்புறம் கையில சாவி இருந்தும் வண்டி கிளம்பாது (இதுக்கு ஆகற செலவ கேட்டா தலை சுத்தும்).

ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கராஜ் பேரு, கூலி, பில் போட்டோ எல்லாம் அட்மினுக்கு தனியா அனுப்புங்க, நம்பர் பிளேட்டையும் போன் நம்பரையும் மறைச்சிடுங்க. குட்மார்னிங் படம் வேண்டாம் ப்ளீஸ்.