கதை நேரக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வாராந்திரக் கதை நேரம் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது நம் கதைப்பையைப் பற்றி, அதாவது கதை சொல்லும்போது பயன்படுத்தும் பொம்மை, துணி போன்ற பொருள்களை வைத்திருக்கும் பையைப் பற்றி, ஏனென்றால் இந்த ஆண்டு கதை நேரத்தின் போக்கையே மாற்றியது அதுதான்.

முன்பெல்லாம் பொம்மை கதை சொல்பவரின் கையில் இருக்கும், பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போது பொருள் பிள்ளைகள் கைக்கே போகிறது, அதுவும் கதையில் அதற்கு வேலை வரும் இடத்தில் மட்டும். நீலத் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆறு வந்தாச்சு" என்றதும் எல்லோரும் சுற்றி நின்று ஓரத்தைப் பிடிக்கிறார்கள். மெல்ல ஆட்டினால் அலை, வேகமாக ஆட்டினால் வெள்ளம், "உஷ்" என்றால் தண்ணீர் அசையக்கூடாது. ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைகூட அந்த "உஷ்" எப்போது வரும் என்று சொல்பவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே கதையை மறுவாரம் சொன்னால் வெள்ளம் வரும் இடத்தை அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

பேசத் தயங்கும் பிள்ளைகளுக்குச் சாக்ஸ் பொம்மை. நாம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு சிறுமி, "நரி எங்கே ஒளிஞ்சதுன்னு இதுக்கு மறந்துபோச்சாம்" என்றதும் பொம்மையின் காதைப் பிடித்து இழுத்து, "மரத்துக்குப் பின்னாடி" என்று ரகசியமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்பவர் சும்மா இருக்க வேண்டும், அவள் பேசி முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போகவே கூடாது.

பொருள் பகட்டாக இருக்க வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையின் குட்டி மாதிரியில் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, நிஜ அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார்கள். 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள், இரண்டரை வயதுப் பிள்ளைகளால் பெரும்பாலும் முடியவில்லை. பிற்பாடு அந்த மாதிரியை முதலில் விளையாடக் கொடுத்துப் பார்த்தபோது 3 வயதினரும் தடுமாறினார்கள். விளையாட்டுச் சாமானாக மனதில் பதிந்தது இன்னொன்றைக் குறிக்கிறது என்று பிடிபட அவ்வளவு நேரமாகிறது! அதனால்தான் பாட்டுப் பாடி விளக்கு எரியும் பொம்மைகளைப் பையிலிருந்து எடுத்துவிட்டோம். மிகச் சிறியவர்களுக்குக் கரண்டி கரண்டியாகவே இருக்கட்டும், அதைப் படகாக்குவதைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் பாதுகாப்பு. சிறு பொருள் தொண்டையில் சிக்குமா என்று பார்க்க அமெரிக்க விதியில் சொல்லப்படும் சோதனை உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் 3 வயதுக்குட்பட்டவர்கள் கையில் கொடுப்பதில்லை. பொம்மைக்குப் பொத்தான் கண் வேண்டாம், நூலால் தைத்தால் போதும். பொத்தான் பேட்டரி உள்ள எதுவும் பைக்குள் வரக்கூடாது, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வாய்க்குப் போன பொருள் கழுவிய பிறகே பைக்குத் திரும்பும்.

வரும் ஆண்டில் 2 வயதினருக்குத் தனிப் பை வேண்டும். துவைத்த பழைய சாக்ஸ், ஒரே நிறப் பெரிய துணி இருந்தால் கொண்டுவாருங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.