அம்மாவை எந்தக் கப்பலில் ஏற்றுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் நாற்பதாவது திருமண நாள் வருகிற வைகாசியில் வருவதை நினைவில் வைத்து, ஏதென்ஸிலிருந்து கிளம்பும் ஏழு நாள் கடற்பயணத்துக்கு எங்களை அழைத்துப் போக வேண்டும் என்று நீ எடுத்த முடிவைக் கேட்டதிலிருந்து அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி ஓயவில்லை. சீபோர்ன் என்கோர், லப்பெரூஸ் வகைக் கப்பல், சீட்ரீம், விண்ட் ஸ்டார் என்று நான்கு சிறிய சொகுசுக் கப்பல்களின் விவரங்களை அனுப்பி, "முப்பது வருடம் கடலில் இருந்தவர் நீங்கள், நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று எழுதியிருந்தாய். இரண்டு வரியில் சொல்லிவிட முடியாததால் கடிதமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் மனம் சீபோர்ன் என்கோர் மீது சாய்ந்திருக்கிறது என்பது நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அதன் அறைகள் விசாலமானவை, எல்லா அறைக்கும் பால்கனி உண்டு, அம்மா வசதியாக இருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய். அந்த எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் கடலில் வசதி என்பது அறையின் அளவிலிருந்து தொடங்குவதில்லை. கப்பல் எவ்வளவு ஆடுகிறது, எந்தத் துறைக்குள் நுழைய முடிகிறது, படிக்கட்டு ஏற வேண்டுமா, கரையில் இறங்கக் காத்திருக்க வேண்டுமா என்பவைதாம் முதலில் வருகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதையும், அலை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் வைத்துக்கொண்டுதான் நான் இந்த நான்கையும் பார்க்கிறேன்.

விசாலத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், அது உனக்கு வியப்பாக இருக்கும். கப்பலின் அளவைச் சொல்லும் கிராஸ் டன் என்பது எடை அன்று. அதன் உள்ளிடம் முழுவதின் கொள்ளளவைக் குறிக்கும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தோராயமாகக் கிடைக்கும். என்கோர் 40,350 டன், 600 பயணிகள், ஆளுக்கு 67. பிரெஞ்சு நிறுவனமான பொனானின் லப்பெரூஸ் வகைக் கப்பல் ஏறக்குறைய 10,000 டன், 184 பயணிகள்; ஆளுக்கு 54. சீட்ரீம் சுமார் 4,300 டன், 112 பயணிகள், ஆளுக்கு 38. விண்ட் ஸ்டார் சுமார் 5,300 டன், 148 பயணிகள், ஆளுக்கு 36. இப்போது 2024இல் ஓடத் தொடங்கிய பிரம்மாண்டமான ஐகான் ஆஃப் த சீஸை எடுத்துக்கொள்: 248,663 டன், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், ஆளுக்கு 44. அதாவது நீ அனுப்பிய பட்டியலில் உள்ள இரண்டு சிறிய கப்பல்கள், இடம் என்ற அளவில், அந்த மிதக்கும் நகரத்தைவிட நெருக்கமானவை. சிறிய கப்பலில் நாம் பணம் கொடுத்து வாங்குவது இடத்தை அன்று. கூட்டமில்லாத சாப்பாட்டு மேசையை, வரிசையில் நிற்காத காலையை, இரண்டாம் நாளே நம் பெயர் சொல்லி அழைக்கும் பணியாளரை வாங்குகிறோம். சீட்ரீமில் 112 பயணிகளுக்கு 95 பணியாளர்கள் இருக்கிறார்கள். கப்பலிலேயே வாழ்ந்தவன் என்பதால் நான் எப்போதும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

சீட்ரீமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. சீட்ரீம் நிறுவனத்தின் ஒன்றுபோன்ற இரண்டு கப்பல்களும் 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஹெல்சிங்கியில் வார்ட்சிலா கட்டுதளத்தில் சீ காடஸ் என்ற பெயரில் கட்டப்பட்டவை. சீபோர்ன் நிறுவனத்தையும் தொடங்கிய நார்வேக்காரர் ஆட்லே பிரைன்ஸ்டட்தான் 2001இல் அவற்றை வைத்து சீட்ரீமைத் தொடங்கினார். நாற்பது வயதான கப்பல் என்று நீ தயங்க வேண்டாம். பயணிகள் கப்பலுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. நன்றாகப் பராமரித்த பழைய இயந்திரத்தை, புதிதாய் வந்து இன்னும் பழகாத இயந்திரத்தைவிட நான் அதிகம் நம்புவேன். அதில் பால்கனியே கிடையாது, ஜன்னல் மட்டும்தான். அதற்குப் பதிலாக மேல்தளத்தில் இருவர் படுக்கும் கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். விரும்பினால் இரவு முழுவதும் அங்கேயே உறங்கலாம். சித்திரை வெக்கையில் நாம் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். வானத்தின் கீழ் அப்படிப் படுப்பது அம்மாவுக்கு எந்தப் பெரிய அறையையும்விடப் பிடிக்கும். லிஃப்டும் உண்டு. ஆனால் நீளம் 105 மீட்டர்தான். நான்கில் மிகச் சிறியது அதுவே என்பதால், எதிர்க்காற்று எழுந்தால் முதலில் ஆடுவதும் அதுதான்.

விண்ட் ஸ்டாரைப் பார்த்ததும் எனக்கு என் சிறு வயது நினைவு வந்துவிட்டது. தூத்துக்குடிப் பழைய துறையிலிருந்து பாய் விரித்துக் கொழும்புக்குக் கிளம்பும் தோணிகளைக் கரையில் நின்று பார்த்துத்தான் நான் கடலுக்குப் போகவே ஆசைப்பட்டேன். இந்தக் கப்பல் 1986இல் பிரான்சின் லெ ஹாவ்ர் நகரில் கட்டப்பட்டது. நான்கு பாய்மரங்கள், பாய்களைக் கணினியே விரிக்கிறது, சுருட்டுகிறது. காற்று ஏற்றதாக இருந்தால் பாய்கள் கப்பலை ஒரு பக்கமாகத் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் இருபுறமும் உருளும் ஆட்டம் குறையும். எனக்காக மட்டும் என்றால் நான் இதையே கேட்டிருப்பேன். ஆனால் இந்தக் கப்பலில் லிஃப்ட் இல்லை. சாப்பாட்டுக்கும் மேல்தளத்துக்கும் கரைக்கும் ஒவ்வொரு முறையும் படிக்கட்டுத்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை அம்மாவை ஏறி இறங்க வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆகவே இதை விட்டுவிடுவோம். நீயும் மாப்பிள்ளையும் என்றாவது தனியாகப் போகும்போது இதில் போங்கள். துறையை விட்டு வெளியேறும்போது பாய்கள் ஒவ்வொன்றாக விரிவதைத் தளத்தில் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இனி ஆட்டத்தைப் பற்றி. நீண்ட கப்பல் அலையின் மேல் நிதானமாகச் செல்லும், குட்டையான கப்பல் அலையோடு ஏறி இறங்கும். இதில் 210 மீட்டர் நீளமுள்ள என்கோரை மற்ற எதுவும் வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டில் உருள்வதைக் குறைக்க ஸ்டெபிலைசர் என்ற துடுப்புகள் கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீண்டு நிற்கும். அவை பொதுவாகக் கப்பல் ஓடும்போதுதான் பயன்தரும். நங்கூரமிட்டு நிற்கும்போது பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஆனால் ஏஜியன் கடலில் தீவுக்கும் தீவுக்கும் இடையே தூரம் குறைவு. உண்மையான தொல்லை மெல்டெமி என்ற காற்று. நம் ஊரில் வாடைக்காற்று மழைக்காலத்தில் வரும். அங்கே கோடையில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், வடக்கிலிருந்து நாட்கணக்கில் அடிக்கும். நீ மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம். தேதியை எந்தக் காரணத்துக்காகவும் ஜூலைக்குத் தள்ளாதே.

துறைகள் என்று வரும்போது சிறிய கப்பலின் அருமை தெரியும். கிரேக்கத்தில் 1893இல் திறக்கப்பட்ட கொரிந்து கால்வாய் சுமார் 6 கிலோமீட்டர் நீளம், அடிமட்டத்தில் 21 மீட்டர் அகலம். இருபுறமும் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். 28 மீட்டர் அகலமுள்ள என்கோர் அதற்குள் நுழையவே முடியாது. 18 மீட்டர் அகலமுள்ள லப்பெரூஸ் வகைக் கப்பல் நுழையலாம். 2021இல் பாறை சரிந்து அந்தக் கால்வாய் மூடப்பட்டது, அதன் பின்னும் பழுதுபார்ப்புக்காக மூடித் திறந்தார்கள் என்பதால், நாம் போகும் தேதியில் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள். நாஃப்ளியோ, மோனெம்வாசியா, தனியார் மோட்டார் வாகனங்கள் ஓடாத ஹைட்ரா, இவையெல்லாம் சிறிய கப்பல்களுக்கு ஏற்ற இடங்கள்.

சான்டோரினியைப் பற்றி மட்டும் உன்னை எச்சரிக்க வேண்டும். அந்தத் தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்குக் கீழே எந்தப் பயணிகள் கப்பலும் கரையோடு கட்டி நிற்க முடியாது. டெண்டர் என்ற சிறு படகில் பழைய துறைக்குப் போய், அங்கிருந்து கேபிள் காரிலோ, கழுதை மீதோ, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளிலோதான் மேலே ஏற முடியும். லப்பெரூஸ் வகைக் கப்பலில் போனால் நாம் 184 பேர்தான் என்றாலும், அன்றைக்கு மூன்று பெரிய கப்பல்கள் வந்து நின்றால் கேபிள் கார் வரிசையில் அந்தக் கூட்டத்தோடுதான் நாமும் நிற்போம். நெரிசல் தாங்காமல் 2025இலிருந்து ஒரு நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். 8,000 பேர் என்பதே அந்தச் சிறிய ஊருக்கு மிக அதிகம். எனவே கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் பார்க்காமல், எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அன்று வேறு எவை அங்கு நிற்கின்றன என்று துறையின் அட்டவணையைப் பார். பெரிய கப்பல்கள் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போன பிறகும் நம் கப்பல் இரவு பத்து வரை நிற்குமானால், நாம் மாலையில் இறங்கினால் போதும்.

கட்டணத்தில் ஒரு விஷயம். என்கோர், சீட்ரீம் இரண்டிலும் மதுவும் பணியாளர் அன்பளிப்பும் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கின்றன. கடலுக்குள் நின்றபடி ஷாம்பேனும் காவியரும் பரிமாறுவது அவர்களுடைய பெருமைக்குரிய சடங்கு. நானோ மது தொடுவதில்லை, அம்மா சைவம். குடிக்காத ஷாம்பேனுக்கும் உண்ணாத மீன் முட்டைக்கும் நீ உழைத்த பணத்தைக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். சைவச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, எந்தக் கப்பலானாலும் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிடு. மீன் சாறும் இறைச்சிச் சாறும் சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுது, ஏனென்றால் ஐரோப்பியச் சமையலில் காய்கறி சூப்பிலும் அவை இருக்கலாம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் லப்பெரூஸ் வகைக் கப்பலை நான் சொல்கிறேன். 131 மீட்டர் நீளம், லிஃப்ட் உண்டு, 92 அறைகள், எல்லாவற்றுக்கும் பால்கனி. அறிவிப்புகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடு. மேல்தளத்து அறைக்குத்தான் அதிக விலை கேட்பார்கள், ஆனால் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது கீழே நடுவில்தான். கப்பலின் முன்பகுதியான அணியத்துக்கு அருகே எடுத்தால் விடியற்காலையில் நங்கூரச் சங்கிலியின் ஓசை எழுப்பிவிடும். பின்புறம் எடுத்தால் இயந்திரத்தின் அதிர்வு இருக்கும். உங்கள் அறை எங்கள் அறைக்கு அடுத்ததாக இருக்கட்டும். வழியில் துருக்கியின் குஷாதாசியில் நின்றால் நாங்கள் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்பி நுழைவோம். ஆகவே எங்களுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும், அதற்கு மார்கழியிலேயே ஏற்பாடு செய்துவிடலாம்.

இந்தக் கப்பலைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன், 1988இல், அதிகாரிகளின் மனைவியர் உடன் வரலாம் என்று அனுமதி இருந்ததால், அம்மாவை ஒரு சரக்குக் கப்பலில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து கூட்டி வந்தேன். பிஸ்கே விரிகுடாவில் மூன்று நாள் அவள் ஒரு வாய் சோறு உண்ணவில்லை. கடல் அடங்கிய பிறகு, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டு இயந்திர அறைக்கு இறங்கி வந்தாள். "கடல் இங்கிருந்து எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். இரைச்சலில் என் குரல் கேட்காததால், கப்பலின் பக்கத் தகட்டைக் காட்டினேன். இதற்கு அந்தப் பக்கம் கடல்தான் என்று புரிந்ததும், அந்தத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து வெகு நேரம் நின்றாள்.

லப்பெரூஸ் வகைக் கப்பலில் ப்ளூ ஐ என்று ஓர் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கப்பலின் பக்கத் தகட்டில் கண்ணின் வடிவத்தில் பெரிய கண்ணாடி பதித்திருக்கிறார்கள்; நீருக்கடியில் எழும் ஓசைகளை ஒலிவாங்கிகளால் பிடித்து உள்ளே கேட்கச் செய்கிறார்கள். அதைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. அந்த அறை வரை லிஃப்ட் இறங்குமா என்று மட்டும் முன்பதிவு செய்யும்போது மறக்காமல் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா