உப்பளப் படத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் படங்களும் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம். டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்கிறார். கம்ப்யூட்டரோ மாடியில் இருந்தது. நேற்றுதான் பேரன் அதைக் கீழே இறக்கி வைத்தான்.

தூத்துக்குடி உப்பளப் படத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அந்த அம்மா பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாருகிறார். கணுக்காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதுகூடத் தெரிகிறது. ஆனால் நீ வைத்திருக்கிற பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ‘கண்ணீரில் விளைந்த வெள்ளைப் பொன்’! கல்லூரி மலரில் கவிதை எழுதின கை சும்மா இருக்குமா?

அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற போட்டி, அதிலும் செய்திப் படங்களுக்கான போட்டோ ஜர்னலிசம் பிரிவு என்கிறாய். அங்கே கண்ணீரும் பொன்னும் எடுபடாது. படத்தில் நடப்பது என்ன, அதை மட்டும் சொல் என்பார்கள். ‘தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்’, அவ்வளவு போதும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936இல் எடுத்த அந்தத் தாயின் படம் உனக்குத் தெரியும். இன்று உலகம் அதை ‘மைக்ரன்ட் மதர்’ என்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அதன் குறிப்போ, கலிபோர்னியாவில் வறுமையில் வாடும் பட்டாணி பறிப்பவர்கள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32, இடம் நிபோமோ என்று போகிறது. ‘ஏழு பிள்ளைகள், வயது 32’ என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நீ எந்தக் கண்ணீரைப் போட்டாலும் அது வராது. (அவ்வளவு நீளக் குறிப்பு இன்றைய போட்டியில் நுழையாது என்பது வேறு விஷயம். தலைப்பு பெரும்பாலும் 35 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது எண்ணிப் பார்த்துக்கொள்.)

இயற்கைப் படங்களுக்கான நேச்சர் பிரிவிலும் இதே கதைதான். நாரை குஞ்சுக்கு இரை ஊட்டினால், ‘மஞ்சள்மூக்கு நாரை குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது’ என்று எழுது. ‘தாயுள்ளம்’ என்று எழுதினால் நடுவர் முகம் சுளிப்பார். கவிதை எழுதியே தீருவேன் என்றால் எந்தப் பொருளிலும் படம் அனுப்பலாம் என்கிற ஓப்பன் பிரிவு இருக்கிறது, அங்கே போய் எழுது.

‘தாயுள்ளம்’ என்று சொன்னது சும்மா இல்லை. நான் பட்ட அடி அது. கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தில் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டும் நாரைகளை எடுத்தேன் அல்லவா? அதைக் கலரில் ஒரு பெயரோடு அனுப்பித் தேர்வானது. இரண்டு வருஷம் கழித்து அதையே கறுப்பு வெள்ளையாக்கி, ‘தாயுள்ளம்’ என்று ஆங்கிலத்தில் பெயர் மாற்றி வேறொரு போட்டிக்கு அனுப்பினேன். அதுவும் தேர்வானது. எனக்கு ஒரே பெருமை, ஒரு படத்தை இரண்டாக்கிவிட்டேன் என்று! புகைப்படச் சங்கம் தருகிற பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். கலரானாலும் கறுப்பு வெள்ளையானாலும் ஒரே படம், ஒரே பெயர் என்பது விதி. எத்தனை வெவ்வேறு படங்கள் தேர்வாகியிருக்கின்றன என்று எண்ணித்தான் பட்டம் தருகிறார்கள். அந்தக் கணக்கே பெயரை வைத்துத்தான். மன்னிப்புக் கடிதம் எழுதி ஒரு தேர்வை நானே கைவிட்டேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று அலைந்த என் தம்பியைக் கேலி செய்தவன் நான்!

மொழி மாற்றினாலும் அதே குற்றம்தான். இங்கே ‘உப்பளப் பெண்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த போட்டிக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போடாதே. எது வேண்டும் என்று முதல் தடவையே முடிவு செய். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம், பெயர், அனுப்பிய தேதி என்று கோடு போட்டு எழுதி வைக்கிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து எழுதுவேன், ஓர் எழுத்து மாறினாலும் வம்பு.

அப்புறம், உன் கடைசி மூன்று படங்களுக்குப் பெயரே இல்லை. கேமரா போட்ட ‘டி.எஸ்.சி.’ எண்ணோடு அப்படியே இருக்கின்றன. அதையும் ‘தலைப்பில்லை’ என்பதையும் ஏற்க மாட்டார்கள். அந்த ஆட்டுக் கிடைப் படத்துக்காவது இந்த வாரமே ஒரு பெயர் யோசித்து எழுது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கூந்தன்குளத்துக்கு நாரைகள் வந்ததும் தகவல் சொல்கிறேன். முழங்கால் சம்மதித்தால் ஜனவரிக்கு மேல் போவோம். வண்டி என்னுடையது, பெரிய லென்ஸ் உன்னுடையது.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உன் கூட்டாளி